விசேஷம் ஒன்றும் இல்லை

நான் படித்த இறையியல் கல்லூரியிலிருந்து சென்ற மாதம் ஒரு கடிதம் வந்தது. போதகர் ஆகும் எண்ணம் இல்லாதவர்களுக்கென்று அங்கே தனிப் படிப்பு ஒன்று தொடங்கியிருக்கிறார்களாம். அந்த வகையில் நான் மூத்த மாணவன் என்பதால், எந்தக் கல்லூரியில் சேருவது என்று யோசிப்பவர்களுக்கு உதவும்படி ஆண்டு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரவேண்டும், ஊக்கமூட்டும் விதமாக இருந்தால் நல்லது என்று கேட்டிருந்தார்கள். மூன்று முறை எழுதிக் கிழித்தேன். ஊக்கமும் வரவில்லை, ஒரு பக்கத்தில் அடங்கவும் இல்லை. எழுத வந்தது இதுதான்.

கொருக்குப்பேட்டையில் பிறந்தவன் நான். அப்பாவுக்கு ரயில்வே கூட்ஸ் யார்டில் வேலை. எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று அவர் எழுதி வைப்பதைப் பார்த்து எனக்கும் தேதி போட்டு எழுதும் பழக்கம் வந்தது. பதினேழு வயதிலிருந்து நாள்குறிப்பு வைத்திருக்கிறேன். திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் பதினோரு வருடம் குமாஸ்தாவாக இருந்தேன். 1995 மார்ச்சில் அதை இழுத்து மூடினார்கள். அப்போது எனக்கு முப்பத்து மூன்று வயது. மணமாகவில்லை. கையில் கொஞ்சம் பணமும் வீடு நிறையப் பழைய புத்தகங்களும் இருந்தன.

இறையியல் படிக்க நினைத்ததற்குக் காரணமும் ஒரு தேதிதான். சிலுவையில் அறைந்தது பஸ்கா பண்டிகைக்கு முந்தின நாளா, பண்டிகை நாளேயா என்பதில் வேதத்திலேயே இரண்டு கணக்கு இருக்கிறது. எங்கள் சபைப் போதகரிடம் கேட்டேன். "வெள்ளிக்கிழமைன்னு தெரியுதுல்ல? அது போதும். கோயிலுக்கு நேரத்துக்கு வா" என்றார். எனக்குப் போதவில்லை.

முதலில் போனது பெயர்பெற்ற ஒரு பெரிய கல்லூரிக்கு. விண்ணப்பத்தில் பேராயரின் பரிந்துரைக்கு ஒரு இடம் இருந்தது. அதன் கீழே, படிப்பு முடிந்ததும் சபை அனுப்பும் இடத்தில் ஊழியம் செய்யச் சம்மதிக்கிறேன் என்று ஒரு வரி. அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடலாமா என்று கேட்டேன். அலுவலகத்தில் இருந்த அம்மாள் விண்ணப்பத்தையே திரும்ப வாங்கிக்கொண்டார்.

இரண்டாவது கல்லூரி சிறியது. முதல்வர் என் காகிதங்களைப் பார்த்துவிட்டு, "போதகராப் போறதில்லன்னா எதுக்கு வர்றீங்க?" என்றார்.

"படிக்கத்தான் ஐயா."

"இத்தன வருஷத்துல அப்படிச் சொன்ன ஆள் நீங்க ஒருத்தர்தான்" என்று சிரித்துக்கொண்டே, விண்ணப்பத்தின் மேல் 'சொந்தப் பொறுப்பு' என்று முத்திரை குத்தினார். சபை அனுப்பாமல் தானாக வருபவர்களுக்கு அந்த முத்திரை. அதை நான் பெருமையாக நினைத்தேன். யாருக்கும் கடன்படாமல் கற்றுக்கொள்ளலாம், யாருக்கும் எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று எண்ணினேன்.

1996 ஜூன் முதல் மூன்று வருடங்கள். கிரேக்கம் நன்றாக வந்தது, எபிரெயம் சுமாராக வந்தது. பஸ்கா தேதிக்கு எட்டு விதமான விளக்கங்கள் கிடைத்தன, முடிவு கிடைக்கவில்லை. இவை தவிர, ஆலோசனை வழங்குதல் பற்றி ஒரு வகுப்பு இருந்தது. ஒருவர் உங்களிடம் மனம் திறக்கும் முன்பே நீங்கள் யார், யார் இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும், உங்களுக்கு இல்லாத தகுதியை அவர் உங்கள்மேல் ஏற்றிப் பார்க்க விடக்கூடாது என்று அதில் கற்றுத் தந்தார்கள். அந்தப் பாடத்தில் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் எனக்குத்தான்.

1999 செப்டம்பரில் ராயபுரத்தில் ஒரு மாலுமிகள் நலநிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். கப்பலுக்குப் போய் மாலுமிகளைப் பார்த்து வருவது என் வேலை. பையில் நாலு மொழிச் செய்தித்தாள்கள், தொலைபேசி அட்டைகள், காலண்டர்கள், சபைப் பெண்கள் பின்னிக் கொடுத்த கம்பளிக் குல்லாய்கள். துறைமுகத்துக்குள் போக ஒரு நாள் முன்னதாக எழுதிக் கொடுத்து அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். கப்பலின் ஏணி முகப்பில் பெயரும் நேரமும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து, வருகிறவர்களோடு பேச வேண்டும். திரும்பி வந்து பதிவேட்டில் ஐந்து கட்டங்களை நிரப்ப வேண்டும்: கப்பல், நாளும் நேரமும், சந்தித்தவர் எண்ணிக்கை, கொடுத்த பொருள், விசேஷம்.

எங்கள் தலைவர் ஞானமணி ஐயா. குருப்பட்டம் பெற்ற போதகர். வெள்ளை அங்கியின் கழுத்துப் பட்டையைத் தானே துவைத்துத் தானே இஸ்திரி போடுவார், வேறு யாரையும் தொடவிட மாட்டார். பேசும்போது கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. முதல் மாதம் நான் விசேஷக் கட்டத்தில் 'சமையற்காரர் வீட்டு நினைவாக இருப்பதுபோல் தோன்றியது' என்று எழுதியிருந்தேன். பச்சை மையால் அதை அடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"அவன் சொன்னானா?"

"சொல்லல ஐயா. முகத்துல தெரிஞ்சுது."

"முகத்துல தெரிஞ்சத நீ வச்சுக்கோ. சொன்னத மட்டும் எழுது. இது நாளைக்கு யார் கைக்கு வேணா போகும் பதிவு."

எனக்கு அது பிடித்திருந்தது. தேதி எழுதுகிறவனுக்கு அதைவிட நல்ல விதி வேறு எது?

வேன் ஓட்டியவர் தண்டையார்பேட்டை காதர் பாய். என்னை அவர் கூப்பிட்டது 'அரை பாதிரி' என்று. "கால்வாசி படிச்சவன்லாம் முழு பாதிரியா சுத்திகினு கீறான். நீ முழுசா படிச்சிட்டு அரை பாதிரியா கீற. இன்னா கணக்கு இது?" என்பார். கழுத்துப் பட்டை இருந்தால் வாயிலில் சல்யூட் கிடைக்கும், எனக்குப் பையைக் கொட்டிக் காட்டும் வேலை கிடைக்கும். அதற்கும் அவரிடம் ஒரு யோசனை இருந்தது. "ஐயாவோட பழைய பட்டைய ஒண்ணு உஷார் பண்ணி மாட்டிக்கோ நைனா. எவனுக்குத் தெரியப்போது?"

"எனக்குத் தெரியும் பாய்" என்பேன். இதை அப்போது ஒரு நல்ல பதிலாகவே நினைத்தேன்.

2002 ஆகஸ்டு 14, புதன்கிழமை. எண்ணூரில் ஒரு நிலக்கரிக் கப்பல். பத்து நாள் முன்னால் நடுக்கடலில் அதில் ஒரு மாலுமி இறந்துபோயிருந்தார். திருவொற்றியூர்க்காரர், பெயர் வேலு. நிலக்கரி நிரம்பிக் கிடக்கும் அறையைத் திறக்காமல் வைத்திருந்தால் உள்ளே காற்றில் பிராணவாயு இல்லாமல் போய்விடும். அதனால் மூடியைத் திறந்து, காற்றோட விட்டு, கருவி வைத்துச் சோதித்து, அதிகாரி கையெழுத்திட்ட சீட்டு தந்த பிறகே யாரும் இறங்கலாம். இதெல்லாம் இல்லாமல், யாரும் சொல்லாமல், வேலு தானாகவே இறங்கிவிட்டார் என்பது கப்பல் தரப்பின் அறிக்கை. உடலை வழியிலேயே ஒரு துறைமுகத்தில் இறக்கி ஊருக்கு அனுப்பியிருந்தார்கள். எண்ணூர் வந்த பிறகும் மற்றவர்களைக் கரைக்கு விடவில்லை.

ஏணி முகப்பில் கப்பலின் மேட் நின்றிருந்தார். சரக்கு அறைகளுக்குப் பொறுப்பான அதிகாரி அவர். அரைமணி நேரம்தான் என்றார். சாப்பாட்டு அறையில் ஏழு பேர். செய்தித்தாளை வாங்கிக்கொண்டார்கள், பேசவில்லை. நான் கிளம்பும்போது அவர்களில் ஒருவன், இருபத்தைந்து வயது இருக்கும், பையைத் தூக்கிவருவதாகச் சொல்லிப் பின்னாலேயே வந்தான். பெயர் சேகர், நெட்டுக்குப்பத்துப் பையன். ஏணிக்குப் போகாமல் என்னைக் கப்பலின் பின்பக்கம் கூட்டிப்போனான். சாம்பல் குழாய்களுக்கும் புகைபோக்கிகளுக்கும் அப்பால் முகத்துவாரம் தெரிந்தது.

"அதோ தெரியுது பாரு சார், தண்ணி டேங்கி. அதுக்குப் பின்னாடிதான் நம்ம வூடு. எங்கம்மா மீன் ஆய்ஞ்சிகினு இருக்கும் இந்நேரம். கூப்ட்டா கேக்கும் போலகீது. எறங்க வுட மாட்றானுங்க."

"கப்பல் எப்ப புறப்படுது?"

"வெள்ளிக்கியமன்றாங்க." ஏணிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு, "ஃபாதர், உங்ககிட்ட ஒண்ணு சொன்னா அது வெளிய போகாதுல்ல? செத்தாலும் சொல்ல மாட்டீங்களாமே, படத்துலலாம் காட்றாங்க."

நான் கற்ற பாடம் அப்படியே நாக்கில் வந்து நின்றது.

"நான் ஃபாதர் இல்ல தம்பி. போதகரும் இல்ல."

"பின்ன பாதிரி படிப்பு படிச்சவருன்னு ஏணிகிட்ட வேன்காரரு சொன்னாரே?"

"படிச்சிருக்கேன். குருப்பட்டம் வாங்கல."

"படிச்சிட்டீங்கல்ல. அப்புறம் இன்னா?"

"ரகசியத்தக் காப்பாத்தணும்னு போதகருக்கு ஒரு கட்டுப்பாடு இருக்கு. எனக்கு இல்ல. நாளைக்கு ஒரு அதிகாரி கேட்டா நான் சொல்லவேண்டி வரலாம். அது உனக்கு முன்னாடியே தெரியணும்."

அவன் என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கையில் இருந்த குல்லாயைச் சுருட்டினான், பிரித்தான்.

"வேலு அண்ணன் விசயம்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டான்.

"நாளைக்கு எங்க ஐயாவக் கூட்டிட்டு வர்றேன். அவர்கிட்ட சொல்லு."

"நெசமா வருவாரா?"

"வருவார்."

"அந்தக் கயுத்துப் பட்டை போட்டுகினு?"

"அது இல்லாம அவர் வெளிய வரமாட்டார்."

அதற்கு மட்டும் லேசாகச் சிரித்தான். மேட் ஏணிப் பக்கமிருந்து கை தட்டிக் கூப்பிட்டார். அவன் உள்ளே போய்விட்டான்.

வேனில் ஏறியதும் காதர் பாய் கேட்டார். "இன்னா அரை பாதிரி, மூஞ்சி பேஜாரா கீது?"

சொன்னேன். அவர் வண்டியைக் கிளப்பாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார்.

"அந்தப் புள்ள இன்னா, ஞானஸ்நானமா கேட்டான்? காது குடுன்னான். உனுக்கு ரெண்டு காது கீதா இல்லியா?"

"அது சரியில்ல பாய். அவன் என்ன வேற ஆளுன்னு நெனச்சுட்டான்."

"நெனச்சிட்டுப் போட்டுமே."

நிலையத்துக்கு வந்து ஐயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். நாளைக்குச் சுதந்திர தினம், காலையில் பள்ளியில் கொடியேற்றம், அப்புறம் கமிட்டியாருடன் விருந்து. மாலையில் போகலாம் என்றார். பிறகுதான் அனுமதிச் சீட்டு நினைவுக்கு வந்தது. அன்று நேரம் முடிந்துவிட்டது, மறுநாள் அலுவலகம் விடுமுறை. "வெள்ளிக்கிழம காலையில ஆபீஸ் திறந்ததும் நேர்லயே கேட்டு சீட்டு வாங்கிட்டு, முதல் வேலையா போவோம்" என்றார். அவர் தட்டிக்கழிக்கவில்லை. நாட்குறிப்பில் எழுதிக்கொண்டார்.

"பதிவேட்டுல என்ன எழுத ஐயா?"

"அவன் என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல. சொல்ல வந்தான்."

"சொல்லாதத எப்படி எழுதுவே?"

விசேஷக் கட்டத்தில் 'ஒன்றும் இல்லை' என்று எழுதினேன். வழக்கமாக அப்படித்தான் எழுதுவோம். இரவு என் சொந்த நாள்குறிப்பிலும் அதையே பார்த்து எழுதினேன்: 'எண்ணூர், நிலக்கரிக் கப்பல், ஏழு பேர், விசேஷம் ஒன்றும் இல்லை.'

சரக்கு இறக்கும் வேலை எதிர்பார்த்ததற்கு முன்பே முடிந்து, கப்பல் 15ஆம் தேதி மாலையே போய்விட்டது. வெள்ளிக்கிழமை காலை ஐயா இஸ்திரி போட்ட பட்டையோடு வேனில் ஏறினார். எண்ணூர் வாயிலில் விசாரித்துவிட்டு வந்த காதர் பாய், ஐயாவிடம் "போயிட்ச்சு சார்" என்றார். என் பக்கம் திரும்பவில்லை.

அடுத்த வாரம் கப்பல் கம்பெனியின் ஆள் ஒருவர் வந்தார். மரியாதையான மனிதர். கப்பலுக்கு வந்துபோன வெளியார் பதிவுகள் விசாரணைக்குத் தேவை என்று நகல் கேட்டார். ஐயா நகல் எடுத்து, உண்மை நகல் என்று கையெழுத்திட்டு முத்திரை வைத்துக் கொடுத்தார். மாலுமிகள் யாரும் எந்தக் குறையும் சொல்லவில்லை, வெளியார் ஒருவரின் பதிவும் அதையே காட்டுகிறது என்று அவர்கள் விசாரணையில் எழுதியதைப் பிறகு படித்தேன். அந்த வெளியார் நான்.

செப்டம்பர் 9, திங்கட்கிழமை, வேலுவின் மனைவி கஸ்தூரி வந்தார். முப்பது வயதிருக்கும். கையில் பாலிதீன் உறைக்குள் கம்பெனியின் கடிதம். அனுமதியின்றித் தன்னிச்சையாக இறங்கினார் என்று அதில் இருந்தது. திருவொற்றியூருக்குள் அது குடித்துவிட்டு இறங்கினார் என்று ஆகியிருந்தது.

"காசு பேச்சு வேற சார், அத்த யூனியன்ல பாத்துக்குறாங்க" என்றார். "எம் மாமியாரே சொல்லுது, குடிச்சிட்டு வுயுந்தான்னு. எம் பையன இஸ்கூல்ல, குடிகாரன் புள்ளன்றாங்களாம். அவரு பீடி கூட குடிக்காத ஆளு சார். அங்க இன்னா நடந்துச்சின்னு யாருனா சொல்லணும். கப்பலுக்குப் போனவங்க நீங்கதான்னாங்க."

ஐயா பதிவேட்டை எடுத்து, அவர் படிக்கும்படி திருப்பி வைத்து, அந்தக் கட்டத்தில் விரலை வைத்தார். அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"ஒன்றும் இல்லை." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நீங்கதான் போனீங்களா சார்?"

"ஆமாம்மா."

"யாரும் ஒண்ணும் சொல்லலியா?"

"சொல்லலம்மா."

நான் சொன்னதில் பொய் என்று காட்ட ஒரு சொல் கிடையாது. அவர் கடிதத்தை உறைக்குள் போட்டு, இரண்டாக மடித்து, எழுந்து போனார். ஐயா கடிகாரத்தைக் கட்டிக்கொண்டார்.

சேகரைக் கண்டுபிடிக்கும் முயற்சியை நான் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. நெட்டுக்குப்பத்துக்கு இரண்டு தடவை போனேன். வேறு கப்பலுக்கு மாறிவிட்டான், விலாசம் தெரியாது என்றார் அவன் அம்மா. மூன்றாவது தடவை போகவில்லை.

2007 ஜனவரியில் எண்ணூர் வாயிலுக்கு வெளியே டீக்கடையில் அவனே என் தோளைத் தட்டினான். கடலை விட்டுவிட்டு லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். காதர் பாயும் கூட இருந்தார்.

"இன்னா சார், இப்பயாவது ஃபாதர் ஆயிட்டியா?"

"இல்லப்பா."

"பரவால்ல. இப்ப யாருன்னாலும் சொல்லுவேன். இனிமே நான் கப்பல் ஏறப்போறதில்ல." டீயைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னான். "மேட்தான் அண்ணன எறங்கச் சொன்னான். சோதன பண்ணியாச்சின்னான். பண்ணல. அண்ணன் ரெண்டு தபா கேட்டாரு, சீட்டு எங்கன்னு. அப்புறம் எய்தி தரேன், எறங்குன்னான். டார்ச் புட்ச்சிகினு நின்னது நானு. அவரு தானா எறங்குனாருன்னு கையெய்த்து போட்டதும் நானு. அன்னிக்கி நீ ஆமான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா கொட்டியிருப்பேன். அன்னிக்கி ராத்திரி பூரா தூங்காம இருந்தேன், உங்க ஆளு வருவாருன்னு."

காதர் பாய் கிளாசை வைத்துவிட்டு வேனுக்குப் போனார்.

மறுநாளே திருவொற்றியூர் போய்க் கஸ்தூரியைப் பார்த்தேன். தேரடிப் பக்கம் ஒரு துணிக்கடையில் வேலை செய்துகொண்டிருந்தார். கடைக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அழுவார் என்று பயந்தேன். அழவில்லை.

"சீட்டு எங்கன்னு கேட்டாராமா?"

"ரெண்டு தடவை கேட்டாராம்."

"கேட்டிருப்பாரு. அவரு சொல்லாம எறங்க மாட்டாருன்னு எனுக்கு அன்னிக்கே தெரியும் சார். உங்க நோட்டுக்குத்தான் தெரியல. எங்கிட்ட எதுக்கு வந்து சொல்றீங்க? அதுல எயுதுங்க. அத்தப் பாத்துட்டுதான எல்லாரும் சொன்னாங்க."

ஞானமணி ஐயாவிடம் போனேன். முடிந்த வருடத்துப் பதிவேட்டில் யாரும் கைவைக்கக் கூடாது என்றார். பின்னாளில் சட்டம் படித்த ஒருவரிடம் பேசும்போது இன்னொன்றும் தெரியவந்தது. ரகசியம் பற்றி நான் சேகரிடம் அவ்வளவு உறுதியாகச் சொன்னேனே, நீதிமன்றத்தில் போதகருக்கும் அப்படி ஒரு தனிக் காப்பு கிடையாதாம். அந்த மாலை நானும் ஐயாவும் ஒன்றுதான். நான் ஓய்வுபெறும்வரை பதின்மூன்று வருடம் அந்தப் பதிவேட்டின் கட்டங்களை நிரப்பிக்கொண்டுதான் இருந்தேன். கஸ்தூரி எழுதச் சொன்னதை மட்டும் எங்கும் எழுதவில்லை. வேலை போய்விடும் என்ற பயம்தான். அதற்கு இறையியல் காரணம் எதுவும் கிடையாது. ஐயா ஓய்வுபெற்றுப் போனார். நிலையம் இடம் மாறியபோது பழைய பதிவேடுகளை எடைக்குப் போட்டார்கள்.

எந்தக் கல்லூரியில் சேரலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கும் சேரலாம். கிரேக்கம் எல்லா இடத்திலும் ஒன்றுதான். நான் யார் இல்லை என்பதைச் சரியாகச் சொல்ல எனக்குக் கற்றுக் கொடுத்தார்கள், நானும் சரியாகச் சொன்னேன்.

மலரில் இவ்வளவுக்கு இடம் இருக்காது என்று தெரியும். வெட்டலாம், எனக்கு வருத்தமில்லை. என் பெயரையும் படிப்பையும் முதலில் வெட்டுங்கள். கீழே உள்ள வரியை மட்டும் விட்டுவையுங்கள்.

2002 ஆகஸ்டு 14, புதன்கிழமை, எண்ணூர். விசேஷம்: திருவொற்றியூர் வேலு தானாக இறங்கவில்லை. சீட்டு எங்கே என்று இரண்டு தடவை கேட்டார். இறங்கச் சொன்னார்கள், இறங்கினார்.